ஒத்து ஊதியவர்

என் தாத்தா ஒத்து ஊதுபவர். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்க்கும். சொந்தப் புத்தி இல்லாமல் இன்னொருவன் பேச்சுக்கெல்லாம் தலையாட்டுபவனைத்தானே தமிழில் ‘ஒத்து ஊதுகிறான்’ என்கிறோம். தாத்தா மெய்யாகவே ஊதினார். பகலில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் மாநகராட்சியில் துப்புரவு வேலை, குடியிருப்பு மேகஸின் பாரக்ஸ் என்ற தொழிலாளர் லயனில். மாலையிலும் திருவிழா நாள்களிலும் கோயில் நாகசுரக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, விரல் துளையே இல்லாத அந்த நீண்ட குழலில் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார். குழலின் கீழ்ப்பாகத்தில் உள்ள சில துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதி கூட்டுவது தவிர, விரலுக்கு அதில் வேலை கிடையாது. வேலை எல்லாம் மூச்சுக்குத்தான். கன்னத்தில் தேக்கிய காற்றை வெளியே விட்டுக்கொண்டே மூக்கால் உள்ளிழுத்து, கேட்பவர் காதில் இடைவெளி விழாதபடி, தைப்பூசக் காவடி அன்று மணிக்கணக்கில் அவர் ஊதுவார் என்று ஆயா சொல்லக் கேட்டிருக்கிறேன். லயன்களைக் காலி செய்ய வைத்து எங்கள் குடும்பத்தை இந்தியருக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குக் குடியேற்றியபோது, தாத்தா வேறு எவரையும் தூக்கவிடாமல் தாமே தோளில் வைத்துக் கொண்டு வந்த பொருள் அந்த ஒத்துதான்.

பிங்க் ஃப்ளாய்ட் இசைக்குழுவைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் தாத்தாவில் தொடங்கியதற்குக் காரணம் இருக்கிறது. அக்குழுவை நேசிப்பவர்கள் நாற்பது ஆண்டுகளாக ஒரே சண்டையைத்தான் போடுகிறார்கள்: பாடல்களையும் கருத்துகளையும் தந்த ராஜர் வாட்டர்ஸ் பெரியவரா, கிதாரை அழவைத்த டேவிட் கில்மர் பெரியவரா? என் அண்ணன் வாட்டர்ஸ் கட்சி. நான் இரு கட்சியிலும் சேரவில்லை. அந்தக் குழுவின் ஒலி என்று நாம் எதைச் சொல்கிறோமோ அது விசைப்பலகைக்குப் பின்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்த ரிச்சர்ட் ரைட்டின் கையில் இருந்தது என்பதும், அவர் விலக்கப்பட்டபோது குழு சுருதியை இழந்தது என்பதும் என் முடிவு. ஒத்துக்காரர் வீட்டில் வளர்ந்தவனுக்கு இது தோன்றாமல் இருந்தால்தான் வியப்பு.

தொடக்கம் பலருக்கும் தெரிந்த கதைதான். லண்டனில் ரீஜண்ட் தெரு பாலிடெக்னிக்கில் கட்டடக்கலை படிக்க வந்த வாட்டர்ஸ், நிக் மேசன், ரைட் ஆகிய மூவரோடு, வாட்டர்ஸின் ஊரான கேம்பிரிட்ஜிலிருந்து ஓவியம் பயில வந்த சிட் பாரெட் சேர்ந்துகொள்ள, 1965இல் குழு உருப்பெற்றது. பிங்க் ஆண்டர்சன், ஃப்ளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு அமெரிக்க ப்ளூஸ் கலைஞர்களின் முதற்பெயர்களை ஒட்டவைத்துப் பெயரிட்டவர் பாரெட். 1966 டிசம்பரில் திறக்கப்பட்ட யூஎஃப்ஓ என்ற கீழறைக் கூடத்தில், எண்ணெயும் சாயமும் கலந்து கண்ணாடிச் சில்லுகளில் கொதித்து நெளியும் நிறங்கள் மேலே படர, அவர்கள் ஒரே பாட்டை இருபது நிமிடம், அரை மணி நேரம் என்று நீட்டி வாசித்தார்கள். சைக்கடெலிக் ராக் என்ற பெயர் அந்த மயக்கத்துக்குத்தான் வந்தது. 1967 ஆகஸ்டில் வெளியான முதல் இசைத்தட்டு அபே ரோடு கூடத்தில் பதிவானது. அதே கட்டடத்தில் அதே மாதங்களில் பீட்டில்ஸ் தங்கள் ‘சார்ஜண்ட் பெப்பர்’ தட்டை முடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தட்டில் ‘இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்’ என்று பத்து நிமிடத்தைத் தொடும் ஒரு படைப்பு இருக்கிறது. வரலாற்றுச் சிறப்புடையது என்பார்கள். எனக்கு அது எல்லாக் கதவுகளையும் திறந்துபோட்டுவிட்டு ஆள் வெளியே போய்விட்ட வீடு போலத்தான் கேட்கிறது.

ஆனால் அந்த வீட்டிலும் ஒரு மூலையில் விளக்கு எரிகிறது. ரைட் அப்போது வாசித்தது ஃபார்ஃபிசா என்ற இத்தாலிய ஆர்கன். சற்று மூக்கடைத்த, நாணல் தன்மையுள்ள குரல் அதற்கு. அந்தக் குரலை பின்சன் எக்கோரெக் என்ற எதிரொலிக் கருவிக்குள் அவர் செலுத்தினார். சுழலும் ஒரு காந்த உருளை ஒலியைப் பதிந்து மீண்டும் மீண்டும் உமிழும் கருவி அது. ஒரு சுரம் முடிவதற்குள் அதன் நிழல் அடுத்த சுரத்தின்மேல் விழுந்துவிடும். 1967 மே 12 அன்று குயீன் எலிசபெத் அரங்கில் நடந்த நிகழ்ச்சியில், அபே ரோட்டின் பொறியாளர் ஒருவர் செய்து கொடுத்த பெட்டியிலிருந்த பிடியை ரைட் அசைக்க, அரங்கின் மூலைகளில் வைத்த ஒலிபெருக்கிகளுக்கிடையே ஒலி சுற்றி வந்தது. நிகழ்ச்சிக்குப் பின் அந்தப் பெட்டி திருடு போயிற்று. பிறகு வேறொன்று செய்துகொண்டார்கள். மற்றவர்கள் சுரங்களை வாசிக்க, இவர் அந்தச் சுரங்கள் உலவும் வெளியைக் கட்டினார் என்று எனக்குத் தோன்றும்.

பாரெட்டின் மனம் எல்எஸ்டி என்ற போதைப்பொருளாலும் பிறவற்றாலும் சிதைந்து, 1968 தொடக்கத்தில் கில்மர் உள்ளே வந்து, ஏப்ரலில் பாரெட் விலகியதாக அறிவிக்கப்பட்டது. பாட்டு எழுதுபவரை இழந்த குழு என்ன செய்யும்? பாட்டைக் குறைத்துக்கொண்டு ஒலியைப் பெருக்கியது. ‘எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்’ என்ற ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடப் படைப்பை வாட்டர்ஸும் மேசனும் கட்டட வரைபடம் போலத் தாளில் கோடுகளாக வரைந்து திட்டமிட்டார்கள். முதல் எட்டு நிமிடங்கள் இரைச்சல், உடைசல், சிதறல். பிறகு ரைட்டின் ஆர்கன் மெல்ல எழுந்து, படிப்படியாக நகரும் ஒரு தோத்திரத்தைத் தொடங்கும். அந்த ஒரு பகுதிக்காகவே முன்னதைப் பொறுத்துக்கொள்ளலாம். அதை அடுத்து வந்த சில ஆண்டுகளை விரைவாகக் கடந்துவிடுகிறேன். ‘உம்மகும்மா’ தட்டில் ரைட் தனியாக இயற்றிய ‘சிசிஃபஸ்’ என்ற பியானோ முயற்சியை வாழ்நாளில் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். மூன்றாம் முறைக்கு மனமில்லை. பசு முகப்பட்டையுள்ள 1970ஆம் ஆண்டுத் தட்டு அண்ணனுக்குப் பிடிக்கும்.

(அடைப்புக்குறிக்குள் ஒரு செய்தி. எங்கள் டர்பனோடு பிணைந்த ஃப்ரீடம்ஸ் சில்ட்ரன் என்ற குழு, அதே 1970இல் ‘ஆஸ்ட்ரா’ என்ற தட்டை வெளியிட்டது. இந்த வகை இசையில் உலகத் தரம் என்று தயங்காமல் சொல்வேன். அரசு வானொலிக்கு விடுதலை என்ற சொல் ஆகாது என்பதால் அவர்கள் பெயரை ‘ஃப்ளீடம்ஸ் சில்ட்ரன்’ என்று திரிக்க வேண்டியிருந்தது. ஒரே ஊர்க்காரர்களானாலும் இனத்துக்கொரு குடியிருப்பு என்று பிரித்த இனவாரிப் பகுதிச் சட்டத்தின் அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். நான் அவர்கள் இசையை முதன்முதலில் கேட்டது நாற்பது வயதுக்குமேல்.)

1971இல் வந்த ‘எக்கோஸ்’தான் குழு தன்னைக் கண்டுகொண்ட இடம். இருபத்துமூன்றரை நிமிடம்; ஒரு தட்டின் ஒரு முழுப் பக்கம். கூடத்தில் ஆளுக்கொரு துணுக்காக வாசித்துச் சேர்த்ததில், ரைட் பியானோவின் உச்சத்தில் ஒரு கட்டையைத் தட்டி, அதைச் சுழலும் லெஸ்லி ஒலிபெருக்கி வழியே அனுப்பியபோது, ஆழ்கடலில் ஒரு சொட்டு விழுந்தது போன்ற ஒலி பிறந்தது. முழுப் படைப்பும் அந்தச் சொட்டிலிருந்து விரிகிறது. நம் கணக்கில் ஒன்று சொல்ல வேண்டும்: அந்தச் சொட்டு, பாட்டு ஊன்றி நிற்கும் ஆதார சட்ஜம் அன்று. பாட்டு சட்ஜத்தில் இறங்கும்போது, அதுவரை விழுந்துகொண்டிருந்தது அதன் கைசிகி நிஷாதம் என்று காது திடுக்கிட்டு உணர்கிறது. வாசலென்று எண்ணி நின்ற இடம் வாசலுக்கு ஒரு படி கீழே என்பது போல. பிறகு கில்மரும் ரைட்டும் சேர்ந்து பாடுகிறார்கள்; எது எவர் குரல் என்று பிரித்தறிய முடியாத அளவுக்கு இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து 1973 மார்ச் 1 அன்று வெளியான ‘த டார்க் சைட் ஆஃப் த மூன்’. அமெரிக்கப் பில்போர்ட் விற்பனைப் பட்டியலில் 1988 வரை மொத்தம் 741 வாரங்கள் இருந்தது. நாணயச் சத்தங்களை நாடாவில் பதிந்து, அளவுகோலால் அளந்து வெட்டி ஒட்டி, ஏழு எண்ணிக்கைத் தாளமாக்கிய ‘மனி’யைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் ‘அஸ் அண்ட் தெம்’ பாட்டில் நிற்கிறேன். இத்தாலிய இயக்குநர் அன்டோனியோனியின் ‘ஸப்ரிஸ்கி பாயின்ட்’ படத்தில் கலவரக் காட்சிக்காக ரைட் பியானோவில் அமைத்து, இயக்குநர் வேண்டாமென்று ஒதுக்கிய மெட்டு அது. கலவரத்துக்கு அவ்வளவு அமைதியான இசையை எழுதத் தோன்றியவர் எப்படிப்பட்ட ஆள் என்று எண்ணிப் பாருங்கள். சரணத்தில், பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் கூட்டுச்சுரங்கள் நான்கு ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. மேற்கத்திய இசையில் கூட்டுச்சுரம் மாறினால் அடிச்சுரமும் இடம் பெயர்வதே வழக்கம். இங்கே நான்கு முறை மேலே நிறம் மாறியும் அடியில் சட்ஜம் நகரவே இல்லை. மூன்றாவது கூட்டுச்சுரத்தில் சாதாரண காந்தாரம், காகலி நிஷாதம் என்ற இரு சுரங்களும் ஒன்றாக வந்து வயிற்றைப் பிசையும். அப்போதும் அடியில் அதே சட்ஜம். தாத்தா செய்த வேலைதான் இது. நாகசுரம் எந்த ராகத்துக்கு மாறினாலும் ஒத்து மாறாது. மாறாததால்தான் மாற்றம் நமக்குக் கேட்கிறது.

தாத்தாவே இதற்குச் சாட்சி சொன்ன ஒரு நாள் உண்டு. துணி ஆலையில் வேலைக்குச் சேர்ந்த அண்ணன், 1976இல், ‘விஷ் யூ வேர் ஹியர்’ தட்டை வாங்கி வந்தான். எனக்கு அப்போது பதினொரு வயது. ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்’ தொடங்கும்போது ஒரு நீண்ட சுரம் எழுகிறது. கருவியொலியோடு, நீர் தொட்ட விரலால் கண்ணாடிக் கோப்பைகளின் விளிம்பைத் தேய்த்து எடுத்த ஒலியும் அதில் கலந்திருக்கிறது. இரண்டு நிமிடத்துக்குமேல் கிதார் வராது. அந்த ஆதாரம் மட்டும் பனி போலத் தங்கி நிற்க, அதன்மேல் ரைட்டின் சின்தசைசர் மெல்லக் கமகமில்லாமல் உலவும். வெளித் திண்ணையில் சுருட்டோடு இருந்த தாத்தா கதவருகே வந்து நின்றார். வெள்ளைக்காரன் பாட்டு என்றால் அணைக்கச் சொல்லுபவர், அன்று சொல்லவில்லை.

“எவன்டா அவன், மூச்சு விடாம ஒத்துப் புடிக்கிறான்?” என்று கேட்டார்.

“அது மெஷின் தாத்தா, ஊதறதில்ல,” என்றான் அண்ணன்.

“மெஷினா இருந்தா என்னா? புடிக்கத் தெரிஞ்சவன்தான் புடிக்கிறான்,” என்று சொல்லிவிட்டு, அப்பக்கம் முடியும்வரை நிலைப்படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

பின்னாளில் சிறிது இசை கற்றபின் அதே இடத்தை மீண்டும் கேட்டேன். கில்மரின் கிதார் உள்ளே வந்ததும் உலவுவது பெரும்பாலும் நம் சுத்த தன்யாசி ராகத்தின் ஐந்து சுரங்களில். நான்கு நிமிடம் ஆகும் தறுவாயில் புகழ்பெற்ற அந்த நான்கு சுரங்கள் தனித்து ஒலிக்கின்றன: காந்தாரம், நிஷாதம், சட்ஜம், பிறகு அந்த ஐந்தின் வேலிக்கு வெளியே கால் வைக்கும் சதுச்ருதி தைவதம். அந்தக் கடைசிச் சுரம் தொண்டையில் முள்ளாக நிற்பதற்குக் காரணம், அதற்கு முன் நான்கு நிமிடம் ரைட் நம் காதில் ஆதாரத்தை ஆணியடித்து வைத்ததுதான். பாரெட்டை நினைத்து எழுதிய பாட்டு அது. அதைச் சரிசெய்துகொண்டிருந்த 1975 ஜூன் 5 அன்று, உடல் பருத்து, தலையும் புருவமும் மழித்த ஒருவர் கூடத்துக்குள் வந்து நின்றார்; அவர்தான் பாரெட் என்று நண்பர்களுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. தட்டு முடியும் கடைசி நொடிகளில், ஒலி தேய்ந்துகொண்டே போகும்போது, ரைட் பாரெட்டின் பழைய ‘சீ எமிலி ப்ளே’ பாட்டின் ஒரு வரி மெட்டைச் சிறு குரலில் வாசித்துவிட்டுப் போகிறார். கவனிக்காதவர்கள் அதற்குள் ஊசியை எடுத்துவிடுவார்கள்.

‘அனிமல்ஸ்’ 1977இல் வந்தது. இயற்றியவர் பட்டியலில் ரைட் பெயர் எந்தப் பாட்டிலும் இல்லை. 1979 நவம்பரில் ‘த வால்’ வந்தது.

அந்தத் தட்டைப் பற்றித் தென்னாப்பிரிக்கர் எவரும் இசையாக மட்டும் பேச முடியாது. 1980 ஏப்ரலில் கேப் டவுன் பகுதியில் தொடங்கிய பள்ளிப் புறக்கணிப்பு, இனத்துக்கொரு கல்வி, இனத்துக்கொரு செலவு என்ற ஏற்பாட்டுக்கு எதிராக நாடெங்கும் பரவி எங்கள் சாட்ஸ்வொர்த் பள்ளிகளுக்கும் வந்தது. லண்டன் இஸ்லிங்டன் கிரீன் பள்ளியின் 23 பிள்ளைகள் ‘எங்களுக்குக் கல்வி வேண்டாம்’ என்று பாடிய, அத்தட்டின் ‘அனதர் பிரிக் இன் த வால்’ பாட்டை, யாரோ எங்களுக்காகவே எழுதித் தந்தது போல நாங்கள் மைதானத்தில் நின்று பாடினோம். மே மாதத் தொடக்கத்தில் அரசு அதைத் தடை செய்தது. அன்றிரவே அப்பா, அண்ணனின் இரண்டு தட்டுகளையும் உறையிலிருந்து உருவி, அம்மன் பாட்டுத் தட்டுகளின் உறைகளுக்குள் செருகினார்; சுவர்ப்படம் போட்ட அசல் உறை அடுப்புக்குப் போயிற்று. அம்மன் பாட்டுத் தட்டுகள் சிங்கப்பூர் வழியாக வந்து சேர்ந்தவை, ஏனெனில் 1946 முதல் இந்தியா எங்கள் நாட்டோடு வணிகத்தை நிறுத்தியிருந்தது. அவை உறையின்றித் தாளில் சுற்றிக் கிடந்தன.

மறு ஆண்டு புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, டர்பனுக்கு அருகே ஃபீனிக்ஸில் இருக்கும் அத்தை, பூசைக்கு வைக்கவென்று உறையைப் பார்த்து ஒரு தட்டை எடுத்துப் போய்விட்டார். வாழையிலையில் படையல் போட்டு, கற்பூரம் ஏற்றி, ஊசியை வைத்திருக்கிறார். ‘த வால்’ தொடங்குவது மிக மெதுவான, தாலாட்டுப் போன்ற ஒரு சிறு மெட்டில். “ஏதோ முன்னிசைன்னு நெனச்சேன் அண்ணே,” என்று அத்தை பிறகு அப்பாவிடம் அழாக்குறையாகச் சொன்னார். இருபது நொடி கழித்து இடி விழுந்தது போலக் கிதாரும் முரசும் வெடிக்கவே, அத்தையின் மாமியார் கையிலிருந்த மணி கீழே விழுந்து, சாமி வந்துவிட்டதாக நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம். அப்பா ஒரு வாரம் பேசவில்லை, அத்தையிடமா அண்ணனிடமா என்று எங்களுக்கே விளங்கவில்லை.

நாங்கள் மைதானத்தில் பாடிய நாள்களில் எங்களுக்குத் தெரியாத ஒன்று நடந்து முடிந்திருந்தது. ‘த வால்’ பதிவின்போதே ரைட் வெளியேற்றப்பட்டுவிட்டார். அவர் பங்களிப்புக் குறைந்துவிட்டது என்பதும், கிரீஸில் இருந்த விடுமுறையை முறித்துக்கொண்டு வர மறுத்தார் என்பதும் சொல்லப்பட்ட காரணங்கள். மண முறிவில் அவர் மனம் சோர்ந்திருந்த காலம் அது என்பதும் உண்மை. பிறகு 1980, 1981இல் நடந்த 31 ‘வால்’ நிகழ்ச்சிகளுக்கு அவரையே சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். நிகழ்ச்சிகளின் பிரம்மாண்டத்தால் குழுவுக்கு நட்டம். பங்காளியாக இல்லாமல் கூலிக்கு வாசித்த ரைட் ஒருவருக்கு மட்டும் கையில் காசு மிஞ்சியது. அவர் இல்லாமல் 1983இல் வந்த ‘த ஃபைனல் கட்’ தட்டைக் கேளுங்கள். சொற்கள் கூர்மையானவை, கோபம் நியாயமானது, விசைப்பலகையை வேறு தேர்ந்த கைகள் வாசித்திருக்கின்றன. ஆனால் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே காற்று இல்லை. அதே ஆண்டு தாத்தா இறந்தார். கடைசி ஆண்டுகளில் அவருக்குக் காது மந்தமாகிவிட்டதால் ‘த வால்’ பற்றி அவர் கருத்தைக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை.

வாட்டர்ஸ் 1985இல் விலகியதும், பெயருக்காக நடந்த வழக்கும், 1987 தட்டில் ரைட் கூலிக் கலைஞராகத் திரும்பியதும் சட்டத்தரணிகளின் கதை. 1994இன் ‘த டிவிஷன் பெல்’ தட்டில் அவர் மீண்டும் முழு உறுப்பினர். ஐந்து பாடல்களில் இயற்றியவராகவும் பெயர் வந்தது. ‘வேரிங் த இன்சைட் அவுட்’ என்ற பாட்டை அவரே பாடுகிறார். நெடுநாள் பேசாதிருந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குவது போன்ற குரல். 2005 ஜூலை 2 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் வாட்டர்ஸ், கில்மர், மேசன், ரைட் நால்வரும் ஒரே மேடையில் கடைசியாக நின்றார்கள். 2008 செப்டம்பர் 15 அன்று புற்றுநோயால் ரைட் இறந்தபோது அவருக்கு வயது 65. 2014இல் வந்த ‘த எண்ட்லெஸ் ரிவர்’, 1993, 1994இல் அவர் வாசித்துவைத்த துணுக்குகளிலிருந்து கட்டிய அஞ்சலி. பெரும்பாலும் சொற்களே இல்லாத தட்டு. அது அலுப்பூட்டுகிறது என்பார் பலர். இரவில் கேட்டால் எனக்கு அலுக்கவில்லை.

அண்ணன் 2002இல் கேப் டவுன்வரை போய் வாட்டர்ஸைக் கண்டு வந்து ஒரு மாதம் அதையே பேசிக்கொண்டிருந்தான். 2016இல், இளவயதில் ஆளில்லாத அரங்கில் ‘எக்கோஸ்’ வாசித்துப் படம் பிடித்த, இத்தாலியின் பழம்நகரான பாம்பேயிக்கே கில்மர் திரும்பிச் சென்று இரண்டு இரவுகள் வாசித்தார். ‘எக்கோஸ்’ மட்டும் வாசிக்கவில்லை. ரைட் இல்லாமல் அதை வாசிப்பதில்லை என்பது அவர் முடிவு. இதை அண்ணனிடம் சொன்னபோது, முதன்முறையாக, அவன் எதிர்த்துப் பேசவில்லை.

2023 தைப்பூசத்தன்று எங்கள் கோயிலில் தமிழ்நாட்டிலிருந்து வந்த நாகசுரக்காரர் ஒருவர் வாசித்தார். ஒத்து ஊத இப்போது ஆள் கிடையாது, மின்சுருதிப்பெட்டிதான். காவடிகள் புறப்படும் நேரம் பார்த்து மின்வெட்டு வந்தது, பெட்டி அடங்கிப்போயிற்று. அவர் அதே பிடியை இன்னும் சில நொடிகள் வாசித்துப் பார்த்தார், பிறகு குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். தவில்காரர் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார். கூட்டத்திலிருந்த ஒரு பையன் கைப்பேசியில் தம்பூராச் செயலியைத் திறந்து, “அண்ணே, என்ன கட்டை?” என்று கேட்டு, சுருதி வைத்து, அவர் காதருகே பிடித்துக்கொண்டான். அவர் அவனைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மீண்டும் ஊதத் தொடங்கினார்.